மூன்று பல்பும் ஒன்றாய் அணையும் வரை

மின்நிலையத்தின் வாசலில் நின்று மெலாலி தலையிலிருந்த பூவளையத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள். கூந்தலை இரண்டு சுற்றுச் சுற்றி, பழைய காலுறையிலிருந்து வெட்டிய பட்டையால் இறுக்குகிறாள். கடைசியாகக் கல்யாண மோதிரம். அதை உருவி வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்கிறாள். பிறகுதான் உள்ளே வலது கால் வைக்கிறாள்.

சட்டைப்பையில் போட்டால் என்ன என்று, அவள் இங்கே எஞ்சின் ஓட்டத் தொடங்கிய பதினேழு வருஷமாகக் கேட்கிறார்கள். "ஒரு தடவை பையிலேர்ந்து விழுந்துச்சு. எங்க விழுந்துச்சுன்னு எஞ்சினுக்குத்தான் தெரியும்" என்பாள். மோதிரம் வாயில் இருக்கும்வரை எதைக் கேட்டாலும் "ம்", இல்லாவிட்டால் "ம்ஹூம்". அவள் மோதிரத்தை வெளியே எடுத்துவிட்டுப் பேசினால் விஷயம் பெரிது என்று தீவில் எல்லோருக்கும் தெரியும். "முழுங்கிட்டாள்னா வேற வாங்க என்கிட்ட காசு இல்ல" என்று அவள் கணவர் பெனி படகுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

தொங்குவது எதுவும் உள்ளே வரக்கூடாது. அது அவள் சட்டம். புது எஞ்சினை ஆசீர்வதிக்க வந்த போதகரையே கழுத்துப்பட்டியைக் கழற்ற வைத்தவள். "ஐயா, ஜெபம் மேல போகும். பட்டி பெல்ட்டுக்குள்ள போகும்" என்றாளாம். போதகர் கழற்றிக் கொடுத்தார்.

ஃபுனாஃபுதியிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் வடக்கே போனால் வரும் சின்னத் தீவு இது. டுவாலுவின் மற்றத் தீவுகளைப்போல இங்கும் ஊர் இரண்டு பக்கம். வடபக்கம், தென்பக்கம். பந்து விளையாட்டு, மீன்பிடி, மண்டபத்து ஆட்டப்பாட்டு எல்லாவற்றிலும் இரண்டுக்கும் போட்டி. மின்நிலையத்தில் டீசல் எஞ்சினும் இரண்டு இருந்துவிட்டதால் ஜனங்கள் அவற்றையும் பங்குபோட்டுக் கொண்டார்கள். ஒன்றாம் எஞ்சின் வடபக்கத்துடையது, இரண்டாவது தென்பக்கத்துடையது. இரண்டாவது நின்றால் வடபக்கத்துக் கிழவர்கள், "பாவம், உங்காளு தூங்கிட்டான் போல" என்று தெருவிலே கேட்பார்கள். மெலாலி வடபக்கத்தில் பிறந்து தென்பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு பக்கத்தாரும் அவளிடம் வந்து, "எங்க எஞ்சின்தானே நல்லது?" என்பார்கள். மோதிரம் வாயில் இருக்கும். "ம்."

சாதாரண நாளில் ஓர் எஞ்சின் போதும். விழா, விருந்தாளிக் கப்பல், பெரிய மீன்வரத்து என்றால் ஒன்றால் முடியாது. அப்போது ஓடுகிற எஞ்சினோடு இரண்டாவதையும் சேர்த்து ஒரே பாரத்தை இழுக்க வைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே வோல்டேஜில், ஒரே நொடியில் ஏறி இறங்குகிறபோதுதான் நடுவிலுள்ள சுவிட்சைப் போடலாம். கொஞ்சம் தப்பினால் ஒன்றை ஒன்று பிடித்து முறுக்கும். "அதுல சமாதானமே கிடையாது. ஒரே அடி. போல்ட்டெல்லாம் அறுந்து சுவரைத் தாண்டிப் போகும்" என்பாள் மெலாலி. அந்த நொடியைக் காட்ட பலகையில் மூன்று பல்புகளை மாட்டி வைத்திருந்தாள், மின்சாரம் போகும் மூன்று கம்பிகளில் கம்பிக்கு ஒன்றாக. மூன்றும் சேர்ந்து எரிந்து, சேர்ந்து மங்கி, சேர்ந்து அணைய வேண்டும். அணைந்த இருட்டில் சுவிட்சைப் போட வேண்டும். முதல் இருட்டில் போடமாட்டாள், இரண்டாவதிலும் மாட்டாள். மூன்றாவதில்தான். ஏன் என்று கேட்டால், "முதல் ரெண்டும் அதுங்களுக்கு. மூணாவது எனக்கு" என்பாள்.

போன மாதம் இரண்டாம் எஞ்சினின் மின்கேபிள் கருகிவிட்டது. மாற்றிக் கொடுக்க ஃபுனாஃபுதியிலிருந்து பனாபா வந்தான். முப்பது வயது, நல்ல கைத்திறன், கெட்ட வயிறு. கப்பலில் வழியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, கால் தரையில் நிற்காத நிலையிலும் அன்று மாலையே கேபிளை மாட்டி முடித்தான். கூடவே ஒரு புது மீட்டரையும் பொருத்தினான். முள் மேலே பன்னிரண்டு மணிக்கு வந்தால் சுவிட்சைப் போடலாம். "இனிமே இந்த பல்பெல்லாம் எதுக்கு அக்கா? கழட்டிடவா?" என்று கேட்டான். மோதிரம் வாயில் இருந்தது. "ம்ஹூம்."

மறுநாள் காலை பத்து மணிக்குப் படகுகள் திரும்பின. புது மண்டபத்தின் திறப்புவிழாவுக்கு விருந்தாளிகள் அதற்கு அடுத்த நாள் வருவதாக இருந்தது. அதற்கென்றே இரண்டு பக்கத்துப் படகுகளும் போயிருந்தன. முந்நூறுக்கு மேல் சூரை மீன். கரையில் ஓலை விரித்து அடுக்கினார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் இயந்திரத்தையும் குளிரறையையும் போட்டால் ஒன்றாம் எஞ்சின் தாங்காது.

தீவு மன்றத் தலைவர் தொபிங்கா வேட்டைக்குப் போகிறவர்போல வந்து நின்றார். பின்னால் பாதி ஊர். வாசலில் தன் மாலையைத் தானே கழற்றி மாட்டிவிட்டுத்தான் நுழைந்தார்.

மெலாலி இரண்டாவதை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் சூடேற்றினாள். வோல்டேஜை ஒப்பிட்டாள். வேகத்தை ஒன்றாவதைவிட ஒரு மயிரிழை கூட வைத்தாள். புது மீட்டரின் முள் மெல்லச் சுற்றிப் பன்னிரண்டுக்கு வந்து, தாண்டி, மறுபடி வந்தது.

"இதோ, வந்துடுச்சு. போடுங்க அக்கா" என்றான் பனாபா.

மெலாலியின் கண் மீட்டரில் இல்லை. பல்பில் இருந்தது. ஒன்று அணைந்தபோது மற்ற இரண்டும் எரிந்தன. அது எரிந்தபோது அடுத்தது அணைந்தது. பிறகு மூன்றாவது. வெளிச்சம் ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு ஓடியது. பதினேழு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

மோதிரத்தைக் கையில் துப்பினாள். வாசலில் நின்ற கூட்டம் அமைதியாகிவிட்டது.

"போடமாட்டேன்."

"முள் பன்னெண்டுல நிக்குது அக்கா!"

"முள் ஒரு கம்பியத்தான் பாக்குது தம்பி. பல்பு மூணையும் பாக்குது. மூணும் ஒண்ணா அணையல, ஒண்ணு பின்னால ஒண்ணு ஓடுது. இது சுத்துற வரிசையே வேற. கேபிள் எங்கயோ மாறிக் கெடக்கு."

பனாபாவின் முகம் சிவந்தது. "நான் மாட்டினேன். எனக்குத் தெரியாதா? அந்தப் பழைய பல்பை நம்பி..."

"ஏம்மா மெலாலி" என்றார் தொபிங்கா. "மீனு கரையில வேகுது. படிச்ச பையன் போடலாம்னு சொல்றான். நீ பல்பப் பாத்துக்கிட்டு நிக்கிறியே. நாளைக்கு வர்றவங்களுக்கு நாத்தத்தையா பரிமாறுறது?"

பின்னாலிருந்து யாரோ, "எங்க எஞ்சின்னா அவளுக்கு இளக்காரம். பொறந்த புத்தி!" என்று கத்தினார்கள். தென்பக்கத்துக் குரல், அநேகமாக அவள் புகுந்த வீட்டுக் குரல். முந்நூறு மீனும் மெலாலியின் தலையில் இருப்பதுபோலக் கழுத்து கனத்தது. தான் தவறாக இருந்தால் இந்த ஊரில் சாகும்வரை கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். சுவிட்சின் மேலிருந்த கை இறங்கிவிட்டது, திரும்ப ஏறவில்லை.

"தலைவரே, மீனு காத்திருக்க வேணாம். வடபக்கத்து வீட்டு லைனை இப்பவே நிறுத்துறேன். மிச்சமாகுறதுல ஐஸு ஓடும், ஒண்ணே தாங்கும். நீங்க போய் மீனை உள்ள ஏத்துங்க."

"வடபக்கமா? உன் அம்மா வீடு அங்கதானே?"

"அம்மா என்னைத் திட்டட்டும். எஞ்சின் ஒடஞ்சா ரெண்டு பக்கமும் சேர்ந்து இருட்டுல திட்டணும். உதிரி கொண்டு வர்ற கப்பலுக்கு இன்னும் மூணு வாரம் ஆகும்."

வடபக்கத்து லைனை இறக்கினாள். ஐஸ் இயந்திரம் கிளம்பியது. விளக்கு ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது. கரையில் கூச்சல் எழுந்தது, மீன்கள் கைமாறி உள்ளே போகத் தொடங்கின. வடபக்கத்திலிருந்து வேறு மாதிரிக் கூச்சல்.

இரண்டாவதை நிறுத்தினாள். பேட்டரிக் கம்பியைக் கழற்றினாள், சுவிட்சைப் பூட்டினாள். சாவியை இடுப்புத் துணியின் முனையில் முடிந்துகொண்டாள். அது அவிழாமல் இனி யாரும் இரண்டாவதை ஓட்ட முடியாது. "இப்ப கைய வை தம்பி. உன் மேல மின்சாரம் வராது, நான் பாத்துக்குறேன்."

பனாபா கேபிள் பெட்டியின் மூடியைத் திறந்தான். கருகிய கேபிளிலிருந்து புதுக்கேபிளுக்கு நிறப்பட்டையை மாற்றிச் சுற்றியிருந்த இடத்தை விரலால் தடவினான். கைமீட்டரை வைத்துச் சோதித்தான், இன்னொரு தடவை சோதித்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ரெண்டாவது கம்பியும் மூணாவது கம்பியும் மாறியிருக்கு அக்கா."

மெலாலி "தெரியும்" என்று சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. எஞ்சின் மறுபடி ஓடியது. மோதிரம் கன்னத்துக்குள் போயிற்று. மூன்று பல்பும் சேர்ந்து பொன்னாக எரிந்து, சேர்ந்து சிவந்து, சேர்ந்து அணைந்தன. ஒன்று. மறுபடி எரிந்து அணைந்தன. இரண்டு. மூன்றாவது இருட்டு முழுசாவதற்கு ஒரு இமைப்பொழுது முன் அவள் கை அழுத்தியது. டக். எஞ்சின் திமிறவில்லை, விளக்கு இமைக்கவில்லை. ஆனாலும் அவள் கையை எடுக்கவில்லை. இரண்டாவதற்கு டீசலைத் துளித்துளியாகக் கூட்டினாள். ஒன்றாவதன் பாரம் காட்டும் முள் இறங்க, இரண்டாவதன் முள் ஏறி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பிறகுதான் வடபக்கத்து லைனைத் திரும்ப ஏற்றினாள். அங்கே ஒரு வீட்டில் வானொலி பாதிப் பாட்டிலிருந்து பாட ஆரம்பித்தது.

மறுநாள் நண்பகல் விருந்து. மின்நிலையத்தில் மெலாலியோடு முறைமாற்றி வேலை பார்க்கும் சௌலு இருந்தார். மண்டபத்தில் விசிறிகள் சுற்றின. புலகா கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த சூரையும் வரிசையாக வந்தன. போதகர் கடவுளுக்கு நன்றி சொன்னார், மீனவர்களுக்குச் சொன்னார், தலைவருக்குச் சொன்னார், "நம் எஞ்சினைச் சரிசெய்த பனாபாவுக்கு" என்றார். எல்லோரும் தட்டினார்கள்.

பனாபா எழுந்தான். "ஐயா, நான் தப்பா மாட்டினேன். போடுன்னு நானே சொன்னேன். போடாம நின்னது அவங்க. ரெண்டு எஞ்சினும் இன்னைக்கு முழுசா இருக்குன்னா அவங்களாலதான்." தூணுக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருந்த மெலாலியைக் கையால் காட்டினான்.

மண்டபம் முழுக்கத் திரும்பியது. தென்பக்கத்தார் முதலில் ஆட்டப்பாட்டுக்குத் தாளம் போடும் மரப்பெட்டியைத் தட்டினார்கள். வடபக்கத்தார் விடுவார்களா, இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொபிங்கா எழுந்து நின்று கைதட்டினார். "எங்க பொண்ணு!" என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தின. மெலாலி காது சிவந்து, வாயில் மீன் துண்டோடு தலைகுனிந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டில் யாரோ பெரிய மின்சார வெந்நீர்க் கலனின் சுவிட்சைப் போட்டார்கள். மெலாலி மென்று கொண்டிருந்ததை நிறுத்தினாள். ஒரு விரலை உயர்த்தினாள். மரப்பெட்டி நின்றது, கைதட்டல் நின்றது. தென்னந்தோப்புக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்த எஞ்சின் ஓசை சற்றுத் தாழ்ந்தது. இரண்டும் சேர்ந்தே தாழ்ந்தன, சேர்ந்தே நிமிர்ந்தன. அவள் விரலை இறக்கி, மீனின் முள்ளைப் பிரிக்கத் தொடங்கினாள்.