சுறா டொக்டர்

மீனின் வயிற்றைக் கீறி முடித்ததும் மஹ்ரூப் நானா கத்தியை மரக்குத்தியில் ஒருமுறை தட்டுவார். நிமிர்ந்து, வாங்க வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். "தலை வேணுமா?" என்று கேட்பார். கேட்டதும் தானே சிரித்துவிடுவார். திருகோணமலைச் சந்தையில் மீன் வெட்டுகிற எல்லோரும் நாள் முழுக்கக் கேட்கிற கேள்விதான் அது. கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர் இவர் ஒருவர்தான். மாற்றலாகிப் புதிதாக வந்த உத்தியோகத்தர் யாராவது, "இதில என்ன சிரிப்பு?" என்று வாயைக் கொடுத்துவிட்டால் போச்சு. அன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதித்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

"சேர், இந்த ஒரு கேள்வியால டொக்டராகாமப் போனவன் நான்" என்று தொடங்குவார்.

ஆள் ஒல்லி. சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார். மேலுக்கு எப்போதும் வெள்ளைச் சட்டை. மீன் வெட்டுகிறவன் எவனாவது வெள்ளை உடுப்பானா? இவர் உடுப்பார். "டொக்டர்மார் வெள்ளதானே போடுற?" என்பார். மத்தியானம் அந்தச் சட்டையைப் பார்க்கிறவர்கள், பெரிய ஒப்பரேசன் ஒன்று பிழையாகிப்போயிற்று என்று நினைப்பார்கள். அதையும் அவரே சொல்லிவிடுவார். மற்றவன் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் தானே சொல்லிச் சிரித்துவிடவேண்டும். அதில் மட்டும் அவரை யாரும் முந்த முடியாது.

ஊரில் அவருக்குப் பெயர் சுறா டொக்டர். துறைமுகக் கந்தோரில் கிளாக்கராக இருக்கிற சோமசேகரம், "டொக்டர், ரெண்டு துண்டு அறக்குளா" என்று பையை நீட்டுவார். "சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா சேர்?" என்று இவர் கேட்பார். இது தினமும் நடக்கிற கூத்து.

கதை இதுதான். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிய வருஷம், மீன்கடை ஸெய்னுதீனின் மகன் மஹ்ரூப் வைத்தியப் படிப்புக்கான எழுத்துச் சோதனையில் தேறினார். இனிக் கொழும்புக்குப் போய்ச் செய்முறைச் சோதனை எடுக்கவேண்டும். அது மட்டும்தான் பாக்கி. பள்ளிக்கூடத்தில் தேரையை ஆணியடித்துப் படுக்கவைத்து, நரம்பு அறாமல் திறந்து பழகியிருந்தார். "சுறாவையும் பழகு" என்றார் வாத்தியார். சுறாவா! பள்ளிக்கூடம் விட்டதும் வாப்பாவின் கடையில் குந்தி மீன் வெட்டி வளர்ந்தவனுக்குச் சுறா பழக்குவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாக அல்லவா இருக்கிறது! பழகவில்லை.

கொழும்பில் மேசைமேல் அவருக்கு வைத்திருந்தது ஒரு பால்சுறா. "பரதேசத்தில ஊராள் ஒருத்தனக் கண்ட மாதிரி இருந்திச்சி சேர்" என்பார். கேட்டிருந்தது பெரிய காரியமும் இல்லை. சுறாவின் நெஞ்சைத் திறந்து, இதயத்தையும் அதிலிருந்து செவுளுக்குப் போகிற குழாய்களையும், ஒன்றையும் அறுக்காமல், இருந்த இடத்திலேயே துலக்கிக் காட்டவேண்டும். கண் அதை ஒழுங்காக வாசித்தது. கை வாசிக்கவில்லை.

கை தன்பாட்டில் செட்டையை அரிந்தது. வயிற்றைக் கீறியது. குடல், ஈரல், கேட்டிருந்த அந்த இதயம் எல்லாவற்றையும் ஒரே இழுவையில் வழித்து மேசைக்குக் கீழே இருந்த வாளிக்குள் போட்டது. குழாயடிக்குக் கொண்டுபோய் அலசியது. பிறகு துண்டு போட்டது. எல்லாம் ஒரே அளவுத் துண்டு. சோதனைக்குத் தந்த அந்தக் குருவிக் கத்தியை வைத்துக்கொண்டு அப்படித் துண்டு போட வேறு யாராலும் ஏலாது என்று இன்றைக்கும் பெருமையடிப்பார். துண்டுகளைத் தட்டில் அடுக்கும்போது முன்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கத்தியை மேசையில் தட்டிவிட்டு நிமிர்ந்தார். கழுத்தில் டை, நெற்றியில் திருநீறு. பரீட்சகர். கை செய்த கூத்துப் போதாதென்று வாயும் சேர்ந்துகொண்டது.

"தலை வேணுமா, ஐயா?"

பரீட்சகர் தட்டைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். கடைசியில் இவரைப் பார்த்தார்.

"நான் சைவம், தம்பி" என்றார்.

சந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சோமசேகரத்துக்குக் கதை மனப்பாடம். ஆனாலும் 'சைவம்' என்ற இடம் வந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "வெள்ளக்காரன்ட கப்பலும் போச்சு, என்ட டொக்டர் வேலயும் போச்சு. ஒரே வருசத்தில திருகோணமலைக்கு ரெண்டு நட்டம்" என்று நானா முடித்துவைப்பார்.

அதற்கு மேல் ஒரு துண்டு கதை இருக்கிறது. அதைச் சந்தையில் சொல்லமாட்டார். அடுத்த வருஷம் திரும்பவும் எடுத்திருக்கலாம். வாத்தியார் வீடு தேடி வந்து கெஞ்சினார். "வாப்பாக்கு ஏலாமப் போச்சு, கடையப் பாக்க ஆளில்ல" என்று நானா சொல்லி அனுப்பினார். வாப்பா அப்போது இடியப்பம் பன்னிரண்டு தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், வெட்கம். திரும்பவும் அந்த மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று நினைத்தாலே உடம்பு கூசியது. கை சறுக்கியதை ஊருக்கே சொல்லிச் சிரிக்கிற மனிதர், நெஞ்சு சறுக்கியதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

கடைசித் தங்கச்சி பரீதாவுக்குப் படிப்பு வருகிறது என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் ஒரு சட்டம் போட்டார். பரீதா மீனைத் தொடக்கூடாது. கழுவக்கூடாது, செதில் எடுக்கக்கூடாது, வெட்டவே கூடாது. சந்தையில் நாள் முழுக்க வெட்டிவிட்டு வந்து, வீட்டுக்கறிக்கும் அவரே குந்தி வெட்டுவார்.

"மீன்காரன்ட ஊட்டுப் பொண்ணுக்கு மீன் வெட்டத் தெரியாதெண்டு வெளிய சொல்ல ஏலுமா மகன்? நாலு பேர் சிரிப்பாங்க" என்பாள் உம்மா.

"சிரிக்கட்டும் உம்மா. என்னப் பாத்துச் சிரிச்சுப் பழகின சனந்தானே? கை ஒருக்காப் பழகிட்டெண்டா பிறகு மூளை சொல்லுறதக் கேக்காது. என்ட கையப் பாருங்க. வாப்பா சொல்லியும் கேக்கல்ல, வாத்தியார் சொல்லியும் கேக்கல்ல."

சட்டத்துக்கு விலை கொடுக்கவேண்டி வந்தது. கிண்ணியாவிலிருந்து நல்ல இடமொன்று பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் தாய் கறி ஆக்குவதைப் பற்றிச் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்: "மகள் மீனாணம் ஆக்குவாவா?" பரீதா பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஆக்குவன் மாமி. காக்கா வெட்டித் தந்தா" என்று அண்ணனைக் காட்டினாள். வந்தவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் கிண்ணியாப் பாதைப் படகில் ஏறிப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். உம்மா இரண்டு நாள் நானாவோடு கதைக்கவில்லை.

அன்றைக்குத்தான் நானா முதன்முதலாக யோசித்தார். இந்தப் பிள்ளை டொக்டராகவும் வராமல், மீன் வெட்டவும் தெரியாமல் போனால்? ஒரு பிழையான சட்டத்தைப் போட்டு, ஒரு பெண்ணை இரண்டுங்கெட்டானாக்கி வைத்த மடையன் என்றுதான் ஊர் சொல்லும். அதைச் சொல்லிச் சிரிக்கத் தன்னாலும் ஏலாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பரீதா எழுத்துச் சோதனையில் தேறினாள். செய்முறைக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். இந்தமுறை, "பழகு" என்று யாரும் நானாவுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. விடிய வள்ளம் கரைக்கு வரும்போதே போய்ப் பால்சுறா பிடித்துக்கொண்டு வந்தார். குசினிக்குப் பின்னால் ஒரு பழைய தட்டில் மெழுகு உருக்கி ஊற்றிக் காயவைத்தார். பரீதா குண்டூசிகளோடு வந்து உட்காருவாள். முன்னால் வாங்கில் நானா உட்காருவார், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு.

"ஏன் காக்கா கையில குந்திட்டு இரிக்கிற?"

"வெளிய எடுத்தனெண்டா உன்ட சுறா வாளிக்குப் போயிரும். நீ உன்ட வேலயப் பாரு."

அவள் கத்தியைக் கொஞ்சம் அழுத்தினாலே போதும், "வெட்டாத புள்ள, விலக்கு! விலக்கு!" என்று குதிப்பார். அக்கம்பக்கத்தில், மீன்கார வீட்டில் தினமும் சண்டை பிடிக்கிறார்கள், யாரோ விலக்குப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. பழகி முடிந்த சுறாவை உம்மா வீணாக்கமாட்டாள். வறை வறுத்துவிடுவாள். ஒருநாள் வறைக்குள்ளிருந்து குண்டூசி ஒன்று நானாவின் பல்லில் கடிபட்டது. உம்மா பதறிப்போனாள். இவரோ அதைத் துடைத்துத் தங்கச்சியிடம் கொடுத்தார். "இதயத்துக்குக் குத்தின ஊசி. பத்திரமா வை, காணாமப் போனா மார்க் குறைப்பானுகள்" என்றார்.

கொழும்பில் அவரை உள்ளே விடவில்லை. வாசலுக்கு எதிரே மரத்தடியில் நின்றார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை புதிது. வெய்யில் ஏற ஏற அது முதுகோடு ஒட்டியது. கதவு திறந்து பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கடைசி ஆளாகப் பரீதா வந்தாள்.

"என்ன தந்தானுகள்?"

"சுறா."

நானா மரத்தைப் பிடித்துக்கொண்டார். "நீ என்ன செஞ்ச?"

"விலக்கினன்."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் செய்யல்ல காக்கா. கையில குந்திட்டன்."

அதற்குப் பிறகு, முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் சந்தைக்கு ஒரு குறை வந்தது. சுறா டொக்டர் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். தலை வேணுமா என்று கேட்பதையும் நிறுத்தினார். கேளாமலே தலையைப் பையில் போட்டுவிடுவார். தலை தின்னாத வீடுகளில் பூனைகள் கொழுத்தன.

"என்ன நானா, அந்தச் சைவக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோவன். பக்கத்துக் கந்தோரில இருந்து ஆளைக் கூட்டியந்தனான்" என்றார் சோமசேகரம்.

"இப்ப ஏலாது சேர். பயமாயிரிக்கு" என்றார் நானா. சிரிக்காமல் சொன்னார். சோமசேகரம் கூட்டிவந்த ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார். சைவக்காரர் அல்லவா, அந்த வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் பரீதாவின் பெயருக்கு ஒரு அருச்சனை செய்தாராம். நட்சத்திரம் கேட்ட ஐயரிடம், "மீன் கடை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாராம். இதை அவரே பிறகு சொன்னார். நானாவின் வியாதி அவருக்கும் தொற்றிவிட்டது.

தபால்காரர் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சைக்கிளைச் சந்தைக்குள்ளேயே விட்டுக்கொண்டு வந்தார். மீன் கையோடு வாங்கப் பயந்து, நானா சோமசேகரத்தையே பிரித்து வாசிக்கச் சொன்னார். பரீதாவுக்கு இடம் கிடைத்திருந்தது. சந்தையே கூடி ஆரவாரம் செய்தது. நானா பாதி வெட்டிய பாரையை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் நடந்தார். அந்தப் பாரையை வாங்க வந்த மனிசி, "என்ட மீன்! என்ட மீன்!" என்று பின்னால் கத்தியது அவர் காதில் விழவில்லை.

பரீதா கொழும்புக்குப் புறப்படுவதற்கு முதல்நாள், நானா சந்தையிலிருந்து ஒரு விளைமீனை முழுசாகக் கொண்டுவந்தார்.

"என்ன மகன், வெட்டாமக் கொண்டாந்திரிக்கிற?" என்றாள் உம்மா.

அவர் குசினிக்குப் பின்னால் மரக்குத்தியைப் போட்டார். "புள்ள, இங்க வா" என்று கூப்பிட்டார். கத்தியின் பிடியைத் தங்கச்சியின் பக்கம் திருப்பி நீட்டினார்.

"இப்ப வெட்டு. இனிப் பயமில்ல."

பரீதா குந்தினாள். கத்தியைப் பேனை பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். செதில் உம்மாவின் முக்காடு வரைக்கும் பறந்தது. வயிற்றைத் திறந்தவள் குடலை ஒருபக்கம் ஒதுக்கினாள், ஈரலை மறுபக்கம் ஒதுக்கினாள், பிறகு குண்டூசியைத் தேடினாள். நானா வாங்கில் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு தவித்தார்.

"விலக்காத புள்ள, வெட்டு! வெட்டு!"

உம்மா அடுப்பில் வைத்த ஆணம் வற்றி, இரண்டாந்தரம் தண்ணீர் விட்டாள். ஒருவழியாகத் துண்டுகள் விழுந்தன. ஒன்று உள்ளங்கை அளவு, ஒன்று விரல் அளவு. வேர்த்துப்போன பரீதா கத்தியை மரக்குத்தியில் ஒருமுறை தட்டினாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தலை வேணுமா, காக்கா?"

பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை வருஷமாக ஊரைச் சிரிக்கவைத்த அந்தச் சைவப் பதில். உம்மா முந்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டாள். நானா அதை விழுங்கிக்கொண்டார். சந்தோசம் தாங்க முடியவில்லை அவருக்கு. தொடைக்குக் கீழேயிருந்து கைகள் இரண்டையும் வெளியே எடுத்தார். பக்கத்தில் இருந்த சட்டியைத் தூக்கி, வாங்க வந்தவரைப் போல அவள் முன்னால் நீட்டினார்.