மூன்று மாதமும் நாலு நாளும்

எங்கள் ஏற்றுமதித் துணிக் கம்பெனியின் பாலியல் புகார்க் குழுவுக்கு நான்தான் தலைவி. கேன்டீன் சுவரில் போர்டு மாட்டிய பிறகுதான் அது எனக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அந்த போர்டைத்தான் தேடுவார்களாம். தலைமையில் சீனியரான பெண் இருக்க வேண்டுமாம். செக்கிங் பிரிவில் இருபது வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிற என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பயிற்சி வகுப்பு நடந்ததாக ஒரு தாள் வந்தது. எந்த வகுப்பும் நடக்கவில்லை. எங்கள் வழக்கப்படி கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பிறகு அந்தப் பெண் வந்தாள். அனகாபுத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற தையல்காரி. அவள் லைன் சூப்பர்வைசர் தையலைப் பார்க்கிற சாக்கில் மேலே சாய்வான், இடுப்பில் கை வைப்பான். ஒருநாள் கையைத் தட்டிவிட்டு எல்லார் முன்னாலும் கத்தியிருக்கிறாள். அன்றோடு கை நின்றது. அவள் தைத்ததெல்லாம் ரிஜெக்ட் ஆக ஆரம்பித்தது.

"போர்டுல உங்க பேரு போட்டுக்கீதுக்கா, அதான் வந்தேன்."

"ஆடிட் முடியட்டும்மா. இப்பக் கிளப்புனா ஆர்டர் போயிடும், எல்லார் வயித்துலயும் மண்ணு விழும்" என்றேன்.

ஆடிட் இரண்டு முறை தள்ளிப்போனது. வாரா வாரம் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்பாள். "இன்னாக்கா, எழுதிக் குடுக்கட்டுமா?" ஒருநாள் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "உனக்கு மட்டுந்தான் உடம்பு இருக்கா? நாங்கல்லாம் இதைத் தாண்டி வரலையா?" என்று கேட்டேன். பாழாய்ப்போன இந்த வாய்தான் கேட்டது. அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள். ஆனாலும் அடுத்த வாரம் வந்தாள்.

ஆடிட் நல்லபடியாக முடிந்து எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். மறுநாள் அவள் புகாரை ஹெச்.ஆரிடம் கொண்டுபோனேன். அவர் கழுவுற மீனில் நழுவுற மீன். போனில் காலண்டரைத் திறந்து எண்ணினார்.

"கடைசியா கை வெச்சதுலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும் மேடம். நாலு நாள் லேட். ஆறின கஞ்சி பழங்கஞ்சி."

"ரிஜெக்ட் பண்றானே, அது?"

"அது குவாலிட்டி மேட்டர்."

வீட்டுக்கு வந்து முதல்முறையாக அந்தச் சட்டத்தை போனில் தேடிப் படித்தேன். மூன்று மாதம் என்று சொன்னதற்கு அடுத்தாற்போலவே இருக்கிறது: அவளால் முன்பே புகார் கொடுக்க முடியாமல் போன காரணத்தை எழுதிவைத்துவிட்டு, குழுவே இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். குழு என்றால் நான்தானே! காலையில் அவர் அறைக்கு ஓடினேன்.

அவர் சிரித்தார். "தாராளமா நீட்டிக்கலாம். காரணத்தை எழுதுங்க. அந்தப் பொண்ணு முதல்ல எப்ப வந்துச்சு, நீங்க என்ன சொல்லி அனுப்புனீங்க, எல்லாத்தையும் உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருந்தது. பேனாவைத் திறந்தேன், மூடினேன். எழுதவில்லை.

வெளியே அவள் நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாருக்கா?"

"சட்டத்துல எடமில்லையாம்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லக்கா. எனக்கோசரம் நீங்க ஒருத்தராவது அலைஞ்சீங்களே" என்றாள்.