எலாதியோவுக்காகக் காத்து நின்ன சவ ஊர்வலம்

வஹாக்கா மலையில இருக்கிற எங்க ஊர் பேண்டு செட்டுல டூபாங்கிற பெரிய பித்தளை வாத்தியம் ஊதுறவன் எலாதியோ. நான் கிளாரினெட். இருபது வருஷமா அவன் பக்கத்துல நின்னு வாசிக்கிறேன். அவன் நிதானத்தோட நின்னு நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, மெஸ்கால் சாராயம் உள்ளே போனாத்தான் டூபாவிலிருந்து சத்தம் வெளியே வரும்.

போன வருஷம் ஈரல் வீங்கி, ஆள் மஞ்சளாப் போய், குவாதலூப்பே மாதா முன்னாடி மண்டி போட்டு ஒரு வருஷத்துக்குக் குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினான். எங்க ஊர்ல சத்தியம் பண்ணினவனைக் குடின்னு யாரும் வற்புறுத்த மாட்டாங்க. மாதாவோட யாரு மல்லுக்கு நிக்கிறது?

குடி நின்னுச்சு. அப்புறம் வந்தது பாருங்க, அதுதான் பெரிய கூத்து. தொட்டதுக்கெல்லாம் கோபம். பொண்டாட்டி சோளரொட்டியைக் கருக்கிட்டான்னு அடுப்பை எட்டி உதைச்சான். அப்புறம் அதே அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டு அழுதான். சாவு ஊர்வலத்துல பாதிப் பாட்டுல விம்மி நின்னுடுவான். மூச்சில்லாம டூபா ஊத முடியுமா?

"டேய், நீ குடிச்சப்பவே ஒழுங்கா ஊதினே! இன்னொரு தடவை நிறுத்தினே, டூபா வேற ஆள் கைக்குப் போயிடும்"னு பேண்டு மாஸ்டர் ப்ரிமித்திவோ கத்தினார்.

சத்தியத்தோட கெடு முடிஞ்ச அதே வாரம் என் அக்கா நசாரியா செத்துப்போனா. எனக்கும் தாயில்லாத எலாதியோவுக்கும் ஒரே தட்டுல பீன்ஸ் போட்டு வளர்த்தவ.

ஊர்வலம் கிளம்புறதுக்கு முன்னாடி வாத்தியக்காரங்களுக்கு ஒரு கிண்ணம் மெஸ்கால் ஊத்துறது எங்க முறை. வேண்டாம்னா செத்தவங்களை அவமதிச்ச மாதிரி. நான்தான் ஊத்தினேன்.

"புடி. கெடுதான் முடிஞ்சு போச்சே. இது இல்லாம இன்னிக்கு உன்னால ஊத முடியாது."

"வேண்டாம்ணே."

"மறுபடியும் சத்தியம் பண்ணிட்டியா?"

"இல்லை. இது நானாச் சொல்றது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. "என் அக்கா சாவுக்கே பிகு பண்றியா?"

அவன் கிண்ணத்தைத் தள்ளி வெச்சான். "திட்டுங்கண்ணே. அழுதாலும் இப்படியேதான் வருவேன்."

ஊர்வலம் சந்தைத் தெரு திருப்பத்துக்கு வந்தப்ப எலாதியோ உடைஞ்சு போனான். டூபா நின்னதும் செட்டே தடுமாறுச்சு. போச்சுடா, இவன் பொழப்பு போச்சு, இனி நேரா மெஸ்கால் கடைதான்னு நினைச்சேன். அவன் ஓடலை. தெரு நடுவுல டூபாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஊரே பார்க்க, வாய்விட்டு அழுதான். சவப்பெட்டியைத் தூக்கினவங்க அப்படியே நின்னாங்க. மாஸ்டர் கையை உயர்த்தினார். திட்டப்போறார்னு பார்த்தா, "யாரும் வாசிக்காதீங்க. அவன் அழுது முடிக்கட்டும்"னார்.

அம்மாடி! ஒருத்தன் அழுது முடிக்கிற வரைக்கும் ஒரு சவ ஊர்வலமே காத்து நின்னதை நான் எங்கே பார்த்திருக்கேன்! மூக்கைச் சட்டையில துடைச்சுட்டு ஊதினான் பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அழுகையும் நிக்கலை, ஊதுறதும் நிக்கலை. இப்படிப்பட்ட மனுஷனா இத்தனை வருஷம் என் பக்கத்துல நின்னான்னு இருந்துச்சு எனக்கு. அக்கா புருஷன் அழுதார், அக்கா பிள்ளைங்க அழுதாங்க, மாஸ்டர்கூட அழுதார்.

நான் அழலை. வழி நெடுக எனக்கு ஊத்திக்கிட்டே வந்தாங்க, நானும் குடிச்சுக்கிட்டே போனேன். கல்லறையில நடந்தது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. என் அக்காவை எப்படிப் புதைச்சோம்னு மறுநாள் எலாதியோகிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.