சுட்டதும் பின்வாங்கும் குதிரைகள்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதில் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே கெட்ட பழக்கம் கம்ப்யூட்டரில் போர் செய்வது. பழைய காலத்து ராஜாக்கள் சண்டை போடும் விளையாட்டு அது. ஊரைக் கட்டி, விறகு வெட்டி, ஆள் சேர்த்து, படையெடுக்க வேண்டும். கூட ஆடுபவன் என் மனைவியின் தம்பி. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை ஒரு வயரால் இணைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மச்சான் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்துவிடுவான்.

எங்கள் இருவருக்கும் உயிர் அந்த விளையாட்டின் துப்பாக்கிக் குதிரைப்படைதான். குதிரைமேல் உட்கார்ந்தபடியே சுடுகிறவர்கள். அடேயப்பா, என்ன ஒரு படை! பீரங்கிக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் வந்து சுட்டுவிட்டுப் பறந்துவிடுவார்கள். ஒரே ஒரு சிக்கல். சுடுவது தானாக நடந்துவிடும். ஆனால் மறுபடி துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அங்கேயே நின்றால் வாள்காரன் வந்து வெட்டிச் சாய்த்துவிடுவான். அதனால் சுட்டதும் பின்னால் இழுக்க வேண்டும், கெட்டித்ததும் முன்னால் விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மௌஸின் வலது பட்டனை அழுத்தி ‘இங்கே போ’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். சோம்பேறிக்கு அந்தப் படை சரிப்படாது.

மச்சான் சிதம்பரத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் வீட்டு பிளான் வரைகிறவன். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். போன வருஷம் ஆலப்பாக்கம் தாண்டி வரும்போது பைக்குக்குக் குறுக்கே நாய் பாய்ந்து, விழுந்துவிட்டான். உடைந்த பைக் கண்ணாடி வலது கையைக் கிழித்து நடுவிரல் நரம்பு அறுந்துபோனது. ஆபரேஷன் செய்தார்கள். தையல் ஆறியது, விரல் மட்டும் மடங்கவில்லை. அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். மச்சானின் முதலாளி நல்ல மனுஷர். அவன் இடத்தை மூன்று மாதம் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குமேல் அவராலும் முடியாது. மௌஸ் பிடிக்க முடியாதவனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

வலது பட்டனை அழுத்துவது நடுவிரல் அல்லவா? இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தோன்றியது. “வா மச்சான், நம்ம குதிரைங்களே உன் வெரல சரி பண்ணிடும்” என்று கூப்பிட்டேன். வந்தான். பார்க்கத்தான் முடியவில்லை. அவன் விரல் அந்தப் பட்டனை அழுத்தி முடிப்பதற்குள் பாதிக் குதிரைகள் செத்துக் கிடக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே வெறித்துக்கொண்டிருப்பான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்றாவது வாரம் விட்டுக்கொடுத்தேன். என் குதிரைகளைச் சுட விட்டு, பின்னால் இழுக்காமல் அங்கேயே நிறுத்தினேன். அவனுடைய வாள்காரர்கள் வந்து கதிர் அறுப்பதுபோல அறுத்துத் தள்ளினார்கள். “கலக்கிட்ட மச்சான்!” என்று வேறு சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. “மாமா, உங்க குதிரைங்க ஏன் சுட்டுட்டு அங்கயே நின்னுது?”

“கவனிக்கலடா.”

“நீங்களா கவனிக்கல? ஒத்த குதிரை செத்தாலே ஊரக் கூட்டுவீங்க. இருவது குதிரை சாவுது, உக்காந்து காபி குடிக்கிறீங்க.” எழுந்துவிட்டான். “வெரல்தான் மாமா மடங்கல. கண்ணு நல்லாத்தான் தெரியுது. எனக்குப் பிச்ச போடாதீங்க.”

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. என் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. கௌரவம் பார்க்காமல் நானே சிதம்பரம் போனேன். அவன் அறைக்குள் நுழைந்தால், கம்ப்யூட்டரைக்கூடப் போடாமல் வெறும் மௌஸை வைத்துக்கொண்டு வலது பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். டிக், டிக் என்று.

“என் தப்புதான் மச்சான். வந்துடு.”

“வரேன். ஆனா அடிச்சா நெசமா அடிக்கணும்.”

“அழுதுடுவடா.”

“அழுதுட்டுப் போறேன்.”

அடித்தேன். பாவ புண்ணியம் பார்க்காமல் அடித்தேன். என் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். “ஈவு எரக்கமே கெடையாதா உங்களுக்கு? கை முடியாத புள்ளயப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க!” அவன் திரும்பாமலேயே, “நீ சும்மா இரு அக்கா” என்றான். எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது அப்போதுதான். தோற்பான், கையை உதறிக்கொள்வான், “இன்னொன்னு போடுங்க மாமா” என்பான். நானாக இருந்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கெடிலம் ஆற்றில் வீசியிருப்பேன். வாரத்துக்கு வாரம் அவன் குதிரைகள் கொஞ்சம் ஜாஸ்தியாகப் பிழைத்துத் திரும்பின.

முதலாளி சொன்ன கெடுவுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அந்த ஞாயிறு ஆற்றோரமாக இருபது துப்பாக்கிக் குதிரைகளைக் கொண்டுவந்தான். சுட்டான், இழுத்தான். என் வாள் குதிரைகள் விரட்டின. தூரப் போய் மருந்து கெட்டித்துக்கொண்டு திரும்பிச் சுட்டான், மறுபடி இழுத்தான். ஒரு குதிரைகூட என் கைக்குச் சிக்கவில்லை. எனக்கு மூக்குக்குமேல் கோபம். “இன்னைக்கு உன்ன வுட மாட்டேன்டா” என்று மொத்தப் படையையும் அவன் பின்னால் ஏவிவிட்டேன். காட்டுக்குள் ஈட்டிக்காரர்களை ஒளித்துவைத்திருக்கிறான், படுபாவி! என் படையில் ஒருத்தன் மிஞ்சவில்லை. கொஞ்ச நேரத்தில் என் ஊரும் பற்றி எரிந்தது.

மேசையில் ஓங்கிக் குத்தினேன்.

“மாமா,” என்றான் மெதுவாக. “நெசமாவே தோத்தீங்களா?”

“பின்ன என்னா? என் புள்ள மேல சத்தியம்டா!”

அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். நடுவிரல் மற்ற விரல்களோடு விரலாக மடங்கி, பட்டன்மேல் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. ஆட்டம் முழுக்க என் ஆத்திரத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். என் கண்ணீரில் பாதி தோற்ற வயிற்றெரிச்சல் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வெளியே போய் முதலாளிக்குப் போன் செய்தான். இரண்டு வார்த்தை பேசியிருப்பான். உள்ளே வந்து பையை எடுத்துக்கொண்டான்.

“எங்கடா கெளம்புற? இன்னொரு ஆட்டம் ஆடிட்டுப் போ மச்சான், ஒரே ஒரு ஆட்டம்!” என்று கெஞ்சினேன்.

“முடியாது மாமா” என்றான், செருப்பை மாட்டிக்கொண்டே. “காலைல ஆபீசு போவணும்.”