வடிவு கரணை பிடித்த வருஷம்

மைசூர் விஜயநகரில் பார்த்த இடமெல்லாம் வீடு கட்டிக்கொண்டிருந்த தொண்ணூற்று நாலாம் வருஷம். வடிவு அப்போது ஒன்பது வருஷச் சித்தாள். யாருக்குச் சித்தாள் என்றால், தாலி கட்டிய முனிராஜுக்கேதான். அவன் கொத்தனார். சாரத்தின் மேல் நின்று "கலவை" என்பான். இவள் பாண்டுச் சட்டியைத் தூக்கி நீட்டுவாள். வீட்டிலும் அதே ஏற்பாடுதான், கலவைக்குப் பதில் சோறு.

அவர்கள் குடியிருந்த கேசரேயில் அந்த வருஷம் பெண்களுக்கு மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். சௌம்யா டீச்சர் கன்னடக்காரி. தெரிந்த தமிழை வைத்துச் சமாளித்தாள். எழுத்துச் சொல்லித் தருவதைவிட ஆட்களை முன்னேற்றுவதில்தான் அவளுக்கு ஆசை அதிகம். யுகாதி முடிந்த வாரம் ஒவ்வொருத்தியையும் எழுப்பி, இந்த வருஷத்து லட்சியத்தைச் சொல்லச் சொன்னாள். ஒருத்தி மிக்சி வாங்க வேண்டும் என்றாள். ஆண்டாள், தன் புருஷன் குடியை விட வேண்டும் என்றாள்.

"அது அவரோட லட்சியம் ஆகணும் அல்லவா? உன்னோடது சொல்லு."

ஆண்டாள் யோசிக்க உட்கார்ந்துவிட்டாள். வடிவு எழுந்து, "நான் கொத்தனாரு ஆவணும்" என்றாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"ஆசை மட்டும் பத்தாதும்மா, தேதி வேணும். எந்த நாளுக்குள்ள?"

"ஆயுத பூசைக்குள்ள."

யோசிக்காமல் வந்த பதில் என்று நினைக்க வேண்டாம். ஆயுத பூஜையன்று கொத்தனார்கள் கரணையைக் கழுவி வரிசையாக வைத்துக் குங்குமம் இடுவார்கள். சித்தாளுக்கு வைக்க என்ன இருக்கிறது? ஒன்பது பூஜையிலும் வடிவு தள்ளி நின்று கும்பிட்டு, பொரி வாங்கித் தின்றுவிட்டு வந்தவள். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாளே ஒரு கரணை வாங்கினாள். வேலை விட்டு வந்ததும் மண்ணைக் குழைத்து வீட்டுச் சுவரில் பூசிப் பழகினாள். பூசியது கோணலாக இருந்தால் அதைச் சுரண்ட நேரமில்லாமல் மேலேயே இன்னொரு பூச்சு. ஆடி மாதத்துக்குள் சுவர் தடித்து உள்ளே வந்துவிட்டது. ஏற்கெனவே அது ஓர் ஆள் புரளும் அறை.

"ஏய், கட்டிலுக்கு எடம் பத்த மாட்டேங்குது. காலு நீட்ட முடியல" என்றான் முனிராஜ்.

"மடக்கிப் படுங்க."

வீட்டுச் சொந்தக்காரி மாதேவியிடம் போய் வத்தி வைத்தான். அவளும் வந்தாள், சுவரைத் தடவினாள், "சந்தாகிதே" என்றாள். அழகாயிருக்கிறதாம். தன் அடுப்படியையும் பூசித் தரச் சொல்லிவிட்டுப் போனாள். முனிராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

விஜயநகர் வேலையை நடத்திய மல்லப்பன் மேஸ்திரி கொள்ளேகால் பக்கத்து ஆள். வடிவு கொத்து வேலை கேட்டதும் துண்டை உதறினார். "ஒருத்திக்கு உட்டா அத்தன பேரும் கரண கேப்பீங்கொ. அப்பறம் மண்ண நானா சொமக்கறது?" ஆனால் அவள் தினமும் கேட்டாள். தொல்லை பொறுக்காமல் கடைசியில் இறங்கி வந்தார்.

"பூசைக்கு மொத நாளு, மாடிப்படிச் செவுரு. மத்தியானச் சோத்துக்குள்ள முடிக்கோணும். ஆளு தர மாட்டன், உங்கலவைய நீயே போட்டுக்கோணும். தூக்குக்குண்டுல வெலகுச்சுனா அப்பறம் சாகற மட்டும் இந்தப் பேச்ச எடுக்கப்படாது."

முனிராஜுக்கு ஏகக் குஷி. எதிர்ச் சுவர் அவனுடையது. பக்கத்திலிருந்தே வேடிக்கை பார்க்கலாம்.

அன்று காலை வடிவு தானே மணல் சலித்தாள், தானே குழைத்தாள், தூக்கினாள், ஏறினாள், பூசினாள். தோற்றால் நாளைக்கும் தள்ளி நின்று பொரிதான் என்ற பயம் இருந்தது. அதோடே பூசினாள்.

சோற்று வேளைக்கு மல்லப்பன் வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மட்டப்பலகையை வைத்து இடுக்கில் ஒற்றைக் கண்ணால் தேடினார். பழுது எதுவும் அகப்படாத கோபத்தில் எதிர்ச் சுவர் பக்கம் திரும்பினார். அங்கே வெறும் செங்கல்தான் இருந்தது.

"ஏப்பா, காலைல இருந்து என்ன பண்ணுன?"

"கலவ வரல, மேஸ்திரி" என்றான் முனிராஜ்.

"யாரு தருவாங்க?"

அப்போதுதான் அவனுக்கே உறைத்தது. சுற்றி நின்ற சித்தாள்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மல்லப்பன் தூக்குக்குண்டை மடியில் சுருட்டிக்கொண்டார்.

"நாளைக்கு உங்கரணையக் கொண்டாந்து பூசையில வெய்யி" என்று வடிவைப் பார்க்காமலே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வடிவுக்கு அழுகை வந்தது. சிமென்ட் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் போன பிறகு முனிராஜ் மெதுவாக வந்து அவள் சுவரில் விரல் வைத்தான். மூலையைப் பார்த்தான். குனிந்தும் பார்த்தான்.

"எனக்கே மூல இப்படி வராது. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. ஒம்பது வருசமா கீழ பாண்டோட நிக்கறேன் இல்ல? நீங்க எங்கெங்க தப்பு பண்றீங்கன்னு பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

முனிராஜ் பாண்டை எடுத்துக்கொண்டு மணல் குவியலுக்குப் போனான்.