பொம்மைக்குக் கண் எழுதிய இசக்கிபாண்டி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இசக்கிபாண்டி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். டிப்ளமா முடித்த கையோடு கான்ட்ராக்டில் வந்தவர், பதினோரு வருஷமாக இங்கேயே இருக்கிறார். அவர் மனைவி லீலா தண்டலத்துக்கு அருகே பிறந்து வளர்ந்தவள். சுங்குவார்சத்திரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. எட்டு மணி நேரமும் லென்ஸ் வழியாகச் சின்னச் சின்ன போர்டுகளைப் பார்த்து, எங்கே பிசகு என்று சொல்ல வேண்டும்.

போன ஐப்பசி மழையில் இசக்கியின் பைக் சறுக்கி, வலது கணுக்காலில் விரிசல் விழுந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. லீலா காலையில் ஷிஃப்டுக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் டிவியும்தான். இரண்டாவது வாரமே டிவி சலித்துவிட்டது.

பக்கத்துப் போர்ஷனில் லீலாவின் தங்கை மஞ்சுளா குடும்பம். மஞ்சுளாவின் மகள் ஜயஸ்ரீ ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் அவள் தன் பொம்மையின் உதட்டுச் சாயத்தை அழிக்கிறேன் என்று, அம்மாவின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்திருக்கிறாள். உதட்டோடு கண், புருவம் எல்லாம் போய்விட்டது. மொழுமொழுவென்று இருந்த அந்தத் தலையைக் கொண்டுவந்து இசக்கியிடம் நீட்டினாள். அழவில்லை.

"பெரிப்பா, இதுக்கு மூஞ்சி போட்டுத் தரியா?"

"அதுக்கென்ன, போட்டுருவோம்" என்றார் அவர். அவருக்கும் வேறு வேலை இல்லை.

ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் மை பிளாஸ்டிக்குள் ஊறிப் பரவி, பொம்மை யாரிடமோ அடி வாங்கியது போல இருந்தது. அதை ரிமூவரால் துடைத்துவிட்டு போனில் தேடினார். இதையே ஆசையாகச் செய்கிறவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். முதலில் பளபளப்பில்லாத ஸ்ப்ரே ஒரு கோட், அது காய்ந்தபின் அக்ரிலிக் பெயின்ட், அதுவும் முடி போன்ற மெல்லிய பிரஷ்ஷில். மஞ்சுளாவின் கணவர் ராஜசேகரிடம் சொல்லி, தண்டலத்தில் காலேஜ் எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடையிலிருந்து நாலு குப்பி பெயின்டும் மூன்று சைபர் நம்பர் போட்ட மிக மெல்லிய பிரஷ் ஒன்றும் வரவழைத்தார். ஸ்ப்ரே மட்டும் பெயின்ட் விற்கும் கடையில் கிடைத்தது.

பெயின்ட் கெட்டியாக இருந்தால் கோடு திரிதிரியாக நின்றது. தண்ணீர் கூடினால் வழிந்தது. மூன்று நாள் பொம்மையைத் தொடவே இல்லை. தயிர் டப்பா மூடிகளில் வெறும் கோடு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். சுண்டுவிரலை எதிலாவது ஊன்றிக்கொண்டால் கை ஆடாது என்று தெரிந்தது. கோட்டைத் தன் பக்கமாக இழுத்து, முடிகிற இடத்தில் பிரஷ்ஷை மெல்லத் தூக்கினால், நுனி இமைமுடி போலக் கூர்மையாக வந்தது. கையை வளைப்பதைவிடப் பொம்மையைத் திருப்பிக்கொள்வது நல்லது என்றும் பிடிபட்டது.

அப்புறம்தான் முகத்தில் கை வைத்தார். இடது கண் அழகாக வந்தது. அதற்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. வலது கண் மட்டும் அதற்கு ஜோடியாக வர மாட்டேன் என்றது.

மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்த லீலா, பையைக்கூட இறக்காமல் பொம்மையை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாயா இது? ஒரு கண்ணு இப்பதான் டூட்டிக்குப் போவுது. இன்னொண்ணு ஓ.டி. பாத்துட்டு வருது."

"நல்லாத்தான இருக்கு?"

"தனித்தனியாப் பாத்தா நல்லாத்தான் கீது."

அவர் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தபோது பொம்மையின் முகத்தில் ஐந்து ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. பிசகு இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒன்று. லீலாவின் கம்பெனிப் பழக்கம். இசக்கிக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடவில்லை, அவளிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தார்.

"அப்போ நீயே எழுதிக் காமி, பாக்கேன்."

அவள் எழுதினாள். கோடு புழு மாதிரி நெளிந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டே லீலா சொன்னாள்: "நீ ஒரு கண்ண முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போற. அதான் தப்பு. எங்க லைன்ல ஒரு வேலைய எல்லா போர்டுக்கும் முடிச்சாதான் அடுத்த வேலை. மேல் இமைன்னா ரெண்டு பக்கமும் மேல் இமை. அப்பால கருவிழி."

அவர் அப்படியே செய்தார். இங்கே ஒரு கோடு, உடனே அங்கே அதே கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் லீலா பொம்மையைப் பீரோக் கண்ணாடிக்கு முன் தூக்கிப் பிடித்தாள். நேரில் தெரியாத சாய்வு கண்ணாடியில் உடனே தெரிந்தது. ஈரம் இருக்கும்போதே நனைந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். முழு முகத்தை மட்டும் மூன்று முறை துடைத்திருப்பார். நாலாவது முறை, கருவிழியில் பல்குச்சி நுனியால் வெள்ளைப் புள்ளி வைத்ததும் பொம்மை அவரைப் பார்த்தது. அதுவரை வெறும் பெயின்டாக இருந்தது, சட்டென்று ஆளாகிவிட்டது.

ஜயஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பொம்மையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மேல் இமையைக் கொஞ்சம் தாழ்த்தி எழுதிவிட்டார் போலிருக்கிறது.

"இதுக்குத் தூக்கம் வருது பெரிப்பா. நைட் ஷிஃப்ட் பாத்துட்டு வந்துகீது."

அதைத் துண்டில் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, யாரும் சத்தம் போடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அன்று ராத்திரி வரை இரண்டு போர்ஷனிலும் டிவி ஓடவில்லை.

கால் சரியாகி வேலைக்குப் போனபிறகும் இசக்கி விடவில்லை. லீலா தன் லைனில் சொல்லிவைத்ததில், உடன் வேலை செய்கிற பெண்கள் தங்கள் வீட்டுப் பொம்மைகளைக் கொடுத்தனுப்பினார்கள். முதல் ஆறு முகமும் தூங்கி விழுந்தன. ஏழாவதில்தான் கண் முழுசாகத் திறந்தது. தன் கம்பெனியில் இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. நகக்கணுவில் ரோஸ் பெயின்டைப் பார்த்துவிட்டு, லோடிங்கில் இருக்கும் அய்யாத்துரை கேட்டபோது உள்ளதைச் சொன்னார். அய்யாத்துரை சிரிக்கவில்லை.

"அப்போ என் பைக் நம்பர் பிளேட்ட எழுதித் தருவியா?" என்றார்.

எழுதிக் கொடுத்தார். அது நன்றாக வரவில்லை. பெரிய எழுத்துக்கு அவர் கை இன்னும் பழகவில்லை.

இப்போது பதினோராவது பொம்மை. சிரிக்கிற வாயில் பல் தெரிய எழுத வேண்டும். பல்லுக்குப் பல் கோடு போட்டால் கிழவியாகிவிடுகிறது, கோடே இல்லாவிட்டால் வாயில் வெள்ளைத் துணியை அடைத்தது போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல், பல்லைத் தள்ளிவைத்துவிட்டு இமைமுடி எழுதிக்கொண்டிருக்கிறார். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த லீலா தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஃபேன் காற்றில் பிரஷ் நுனி காய்ந்துவிடும் என்று இசக்கி ஃபேனை நிறுத்தியிருக்கிறார். அவர் கழுத்தில் வேர்வை இறங்குகிறது.

"ஃபேனப் போடுயா" என்கிறாள் லீலா, கண்ணைத் திறக்காமல்.

"இன்னும் ரெண்டு இமைமுடிதான், போட்டுருதேன்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு."

அவள் தலையணையை இழுத்துக்கொண்டு, காற்று வரும் ஜன்னலோரமாகத் திரும்பிப் படுக்கிறாள்.