கட்டைவிரலில் சுற்றிய துணி

என் பெயரை அவனுடைய நோட்டில் நானே எழுதிக் கொடுத்தேன். இனிஷியல் முன்னால், ஊர் பின்னால். பத்தாம் வகுப்புப் பரீட்சையில்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை. எழுதியிருந்தால் ஒருவேளை பாஸாகியிருப்பேன்.

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஓடும் தறியில் வேலை பார்க்கிறேன். அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஒன்பதாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்தவன். அவன் படித்துக்கொண்டே போனான், நான் தறிக்கு வந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து இறங்கி, பேண்டேஜ் நெசவைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னான். அப்புறம் பல மாதம் ஞாயிறுதோறும் வந்தான்.

பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், தீர்ந்ததும் புதுப் பாவைப் பழைய நூலோடு பிணைப்பது எப்படி, வெயில் காலத்தில் நூல் ஏன் அதிகம் அறுகிறது, சத்தத்தை வைத்தே எந்தத் தறி மக்கர் பண்ணப் போகிறது என்று சொல்வது எப்படி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதெல்லாம் யாரு சொன்னான்னு எப்படிலே எழுதுவ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடைசியில பட்டியல் வரும் மாப்ள. புஸ்தகம்னா எழுதுனவரு பேரு, வருஷம், பதிப்பகம். பேப்பர்னா தேதி. இன்டர்நெட்டுன்னா என்னைக்குப் பாத்தோம்னு போடணும்."

"டீக்கடையில கேட்டதுன்னா? எத்தனாவது டீன்னு போடுவியோ?"

"சிரிக்காதலே. ஆள் வாயால சொன்னா அதுக்குப் பேரு நேர்காணல். பேரு, ஊரு, தேதி போடணும். பெரிய பெரிய புரொஃபசரு இருக்க பட்டியல்ல நீயும் இருப்ப பாரு."

அப்போதுதான் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. புதுப் பாவு பிணைத்த அன்று முதலில் வருகிற துணியில் ஒரு துண்டு கிழித்து, தறிக்காரன் இடது கட்டைவிரலில் மத்தியானம் வரை சுற்றிக்கொள்வான், இல்லையென்றால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்று ஒரு கதை விட்டேன். அப்படி ஒரு வழக்கம் எங்குமே கிடையாது. அவன் பரீட்சை எழுதுகிற மாதிரி குனிந்து எழுதிக்கொண்டான். அடுத்த வாரம் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். மறந்து போனேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மம்சாபுரத்துச் சித்தி வரைக்கும் போன் போட்டு, "எம்மவன் பேரு புஸ்தகத்துல வருது" என்று சொல்லிவிட்டாள்.

பட்டம் கிடைத்துவிட்டதென்று தெரிந்ததும் பஸ் பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். தடித்த அட்டை, தங்க எழுத்து. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனான். நான் பின்னாலிருந்து புரட்டினேன். புத்தகங்கள் நாலு பக்கம். பேப்பர் செய்திகள். இன்டர்நெட் முகவரிகள், பார்த்த தேதியோடு. நேர்காணல் என்று அரைப் பக்கம். இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தேன். என் பெயர் இல்லை. எங்கள் முதலாளி பெயர் இருந்தது.

உள்ளே புரட்டினால் நான் சொன்னது எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முதலாளி பெயர். அந்தக் கட்டைவிரலும் இருந்தது.

"என் பேரு எங்கலே?"

அவன் டம்ளரோடு நின்றான். "கைடு ஒத்துக்கல மாப்ள. பத்தாவது ஃபெயிலான ஆள் சொன்னதுக்கு மதிப்பில்லன்னாரு. முதலாளி பேருன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாவ."

"அவிய என்னைக்குலே பாவு பிணைச்சாவ?"

"முதலாளிகிட்ட சொன்னேன். தாராளமா போட்டுக்கோ தம்பின்னாரு."

"எங்கிட்ட சொன்னியா?"

அவன் டீயை நீட்டினான். நான் வாங்கவில்லை.

"அந்தக் கட்டைவிரல் சமாச்சாரம் இருக்குல்லா, அது நான் விட்ட புருடா."

அவன் முகம் வெளிறிவிட்டது. "ஏலே, விளையாடாத. வேற எதெல்லாம் பொய்? சொல்லுலே!"

அது ஒன்றுதான் பொய். மற்ற அத்தனையும் சத்தியம். சொல்லியிருந்தால் அவன் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

"பட்டியல்ல யாரு பேரு இருக்கோ, அவியகிட்டயே போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் அவன் போனை நான் எடுக்கவில்லை. அம்மா மட்டும் இன்னும், "புஸ்தகம் எப்பலே வரும்?" என்கிறாள். அச்சில் இருக்கிறது என்கிறேன்.

போன மாதம் துணி வாங்குகிற வெளியூர்க்காரர்கள் தறிகளைப் பார்க்க வந்தார்கள். முதலாளி என் தறிப் பக்கம் அழைத்து வந்து, "எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, ஆராய்ச்சிப் புஸ்தகத்துலயே வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏப்பா, அந்தக் கட்டைவிரல்ல சுத்திக் காட்டுப்பா" என்றார்.

துணியைக் கிழித்துச் சுற்றிக் காட்டினேன். ஒருவர் படம் பிடிக்கப் போனை எடுத்தார். நான் தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"முகம் வேண்டாம், தம்பி" என்றார் அவர். "விரல் மட்டும் போதும்."